பட்ட வகுப்பிலேயே தொடங்கட்டும் ஆசிரியப் பயிற்சி

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில், 1979-82 இயற்பியல் அணியைச் சேர்ந்தவரும் ஓய்வு பெற்ற அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியருமான நம் உறுப்பினர் ஆற்றிய உரை. பேச்சு நடையைக் கூடியவரை அப்படியே விட்டிருக்கிறோம். - மலர்க் குழு)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'ஆசிரியப் பணியின் மாண்பு'. அழைப்பிதழிலும் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. மாண்பைப் பற்றி வருஷா வருஷம் செப்டம்பர் 5ஆம் தேதி எல்லோரும் பேசிவிடுகிறார்கள். அன்றைக்கு நமக்குப் பொன்னாடையும் கிடைத்துவிடுகிறது. எனவே செயலாளர் மன்னிக்க வேண்டும், நான் வேறு ஒன்றைப் பேசப் போகிறேன்.

நேற்று மாலை பந்தல் வேலை நடக்கிற இடத்தில் ஒரு தம்பி என்னிடம் வந்தார். வேதியியல், மூன்றாம் ஆண்டு. "சார், அடுத்த வருஷம் பி.எட். சேரலாம்னு இருக்கேன். இப்பவே நான் என்ன பண்ணணும்?" என்றார். பி.எட். படித்தால் வேலை கிடைக்குமா என்று என்னிடம் கேட்டவர்கள் நூறு பேர் இருப்பார்கள். இப்போதே என்ன செய்ய வேண்டும் என்று கேட்டவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். அவருக்கு நின்றவாக்கில் ஏதோ பதில் சொல்லி அனுப்பினேன். ராத்திரி யோசித்துப் பார்த்தால், இது எல்லோருக்கும் சொல்ல வேண்டிய பதில் என்று பட்டது.

முதலில் ஒரு பழைய கதை. இங்கே இருக்கும் மூத்தவர்கள் தங்கள் தாத்தா காலத்து ஆசிரியர்களின் பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள். பி.ஏ., எல்.டி. என்று போட்டிருக்கும். எல்.டி. என்றால் லைசென்ஷியேட் இன் டீச்சிங். அதாவது கற்பிக்க லைசென்ஸ் பெற்றவர். சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த பட்டத்தின் பெயரிலேயே உரிமம் இருந்தது. அதற்கு ஆள் தயாரித்த இடம் சைதாப்பேட்டை. 1856இல் நார்மல் ஸ்கூலாகத் தொடங்கிய நிறுவனம் அது. யாருடைய பிறந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுகிறோமோ, அந்த டாக்டர் ராதாகிருஷ்ணனே எம்.ஏ. முடித்து, மாநிலக் கல்லூரியில் வேலைக்கும் சேர்ந்த பிறகு, 1910 வாக்கில் சைதாப்பேட்டைக்குப் போய்ப் பயிற்சி எடுத்தவர்தான். எம்.ஏ. தத்துவம் படித்தவருக்கும் விலக்கு இல்லை. எல்.டி. பிறகு பி.டி. ஆயிற்று, பி.டி. பிறகு பி.எட். ஆயிற்று. ஒரு வேடிக்கை பாருங்கள், பி.டி. பட்டம் போய் எத்தனையோ காலமாயிற்று, ஆனால் நம் பள்ளிகளில் பட்டதாரி ஆசிரியரை இன்றைக்கும் 'பி.டி. அசிஸ்டென்ட்' என்றுதான் கூப்பிடுகிறோம்.

இன்றைக்கு டாக்டருக்கு மெடிக்கல் கவுன்சில் பதிவு உண்டு, வக்கீலுக்கு பார் கவுன்சில் பதிவு உண்டு. ஆசிரியருக்கு நம் நாட்டில் அப்படி ஒரு பதிவேடு கிடையாது. அதற்குப் பதிலாக இருப்பது இரண்டு கதவுகள். ஒன்று பி.எட். அல்லது தொடக்கக் கல்விப் பட்டயம். இன்னொன்று டெட் என்கிற தகுதித் தேர்வு. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 23ஆம் தேதி தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கப் புதிதாக வருபவர்கள் இந்தத் தேர்வில் தேறியிருக்க வேண்டும் என்று அறிவிக்கை போட்டது. 150 கேள்வி, 150 மதிப்பெண், பொதுவாகத் தேற 60 சதவீதம். எட்டாம் வகுப்பு வரை எடுக்கப் போகிற பட்டதாரிக்கு இரண்டாம் தாள். அதில் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, தமிழ் 30, ஆங்கிலம் 30, மீதி 60 கணிதமும் அறிவியலும், அல்லது சமூக அறிவியல்.

தமிழ்நாட்டில் முதல் டெட் 2012 ஜூலை 12ஆம் தேதி நடந்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். தேறியவர்கள் 2,448 பேர். நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை! 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தது அநியாயம் என்று எல்லோரும் சொன்னோம், அது உண்மைதான். அக்டோபரில் மூன்று மணி நேரம் கொடுத்து மறுபடி நடத்தினார்கள். தேறியவர்கள் ஆயிரக்கணக்கில் கூடினார்கள். அப்போதும் தேறாதவர்கள்தான் மிகப் பெரும்பாலோர். நேரத்தின் மேல் எல்லாப் பழியையும் போட முடியவில்லை. கேட்டவை பெரும்பாலும் பள்ளிப் பாடநூலை ஒட்டிய கேள்விகள். எழுதியவர்கள் பி.எஸ்ஸி., பி.எட்., எம்.எஸ்ஸி., பி.எட். என்று இரண்டு மூன்று பட்டம் வைத்திருந்தவர்கள்.

அங்கேதான் விஷயம் இருக்கிறது. பட்டப் படிப்பில் மூன்று வருஷம் நாம் என்ன செய்கிறோம்? பள்ளிக்கூடத்துப் பாடத்தை விட்டு விலகி மேலே மேலே போகிறோம். போக வேண்டியதுதான், அதற்குத்தான் கல்லூரி. ஆனால் மூன்று வருஷம் கழித்துப் பி.எட். வகுப்பில் உட்காரும்போது, 'இவருக்குப் பாடம் தெரியும், சொல்லிக் கொடுக்கும் முறையை மட்டும் கற்றுக் கொடுத்தால் போதும்' என்று அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். கல்லூரியில் இருப்பவர்களோ, 'பள்ளிப் பாடமெல்லாம் பி.எட்.டில் பார்த்துக்கொள்வார்கள்' என்று விட்டுவிடுகிறார்கள். நடுவில் ஒரு பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்தில் விழுவது ஆசிரியர் இல்லை, ஆறாம் வகுப்புப் பிள்ளை.

என் பள்ளிக்குப் பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி, பி.எஸ்ஸி. இயற்பியலில் நல்ல மதிப்பெண். எட்டாம் வகுப்பில் பூமியின் சுழற்சி பற்றிப் பாடம். ஒரு பையன் எழுந்தான். "சார், பூமி அவ்வளவு வேகமா சுத்துதுன்னா நான் குதிச்சு கீழே வரும்போது வேற இடத்துலல்ல விழணும்?" தம்பிக்கு விடை தெரியும். நிலைமம் தெரியும், சார்பு வேகம் தெரியும், அதற்கு மேலேயும் நிறையத் தெரியும். ஆனால் அந்தப் பையனுக்குச் சொல்ல வாயில் வார்த்தை வரவில்லை. "அது சிலபஸ்ல இல்லடா, உட்காரு" என்றார். ஓடுகிற பஸ்ஸுக்குள் நின்று ஒரு எலுமிச்சம்பழத்தைத் தூக்கிப் போட்டால் அது கைக்கே வந்து விழுகிறதே, பின் ஸீட்டிலா விழுகிறது என்று கேட்டிருந்தால் முடிந்தது. இந்த எலுமிச்சம்பழம் எந்தப் பல்கலைக்கழகத் தேர்விலும் வராது. ஆனால் வகுப்பறையில் அதுதான் சாவி.

அமெரிக்காவில் லீ ஷுல்மன் என்ற கல்வியாளர் 1986இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பாட அறிவு ஒன்று, கற்பிக்கும் முறை பற்றிய அறிவு ஒன்று, இரண்டும் கலந்த மூன்றாவது அறிவு ஒன்று உண்டு, அதுதான் ஆசிரியரை மற்றப் படித்தவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுகிறது என்றார். எந்த உதாரணம் பிள்ளைக்குப் பிடிபடும், எந்த இடத்தில் பிள்ளை தடுக்கி விழும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது அது. நம் பவணந்தி முனிவர் நன்னூல் பாயிரத்தில் ஆசிரியர் ஆகாதவர்களைச் சொல்லும்போது பருத்தி அடைத்த குடுக்கையைச் சொல்லுவார். உள்ளே அடைப்பதும் கஷ்டம், வெளியே எடுப்பதும் கஷ்டம். நம் பட்டதாரிகளில் பலர் அந்தக் குடுக்கை மாதிரிதான், உள்ளே நிறைய இருக்கிறது. தமிழ்த் துறைப் பிள்ளைகள் அந்தப் பகுதியைப் பரீட்சைக்காகப் படித்திருப்பீர்கள். இன்னொரு முறை உங்களுக்காகப் படியுங்கள்.

இனி, நம் கல்லூரியிலேயே நடந்த ஒன்று. கணிதத் துறையில் படித்த ஒரு பெண். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வாள். இரண்டாம் ஆண்டு படிக்கும்போதே சனிக்கிழமை காலையில் தன் தெருவில் இருக்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக் கொடுப்பாள். காசு வாங்கவில்லை. ஆனால் ஒரு நோட்டு வைத்திருந்தாள். பிள்ளைகள் போடுகிற தப்பை மட்டும் அதில் எழுதுவாள். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று ஒரு பையன் போட்டால், 'தப்பு' என்று அடித்துவிட்டுப் போகமாட்டாள். மேலே இருப்பதைக் கூட்டியிருக்கிறான், கீழே இருப்பதைக் கூட்டியிருக்கிறான், அவன் கணக்கில் நியாயம் இருக்கிறது என்று எழுதுவாள். "அரைக்கு மேல இன்னும் கொஞ்சம் சேர்த்தோம், வந்தது அரையைவிடக் குறைச்சலா இருக்கே, எப்படிடா?" என்று கேட்பாளாம். பையன் தானே தலையைச் சொறிவான்.

ஒரு முறை தசம பின்னம். 0.35 பெரிதா, 0.4 பெரிதா? பாதிப் பேர் 0.35 என்றார்கள். 35, 4-ஐ விடப் பெரிதல்லவா! இவள் பைசாவை வைத்துச் சொன்னாள், 35 பைசா, 40 பைசா. எல்லோருக்கும் புரிந்துவிட்டது. அடுத்த வாரம் 0.125-உம் 0.4-உம் கொடுத்தாள். மறுபடி 0.125 பெரிது என்றார்கள். ஒரு வாண்டு, "அக்கா, ஒரு ரூபாய்ல ஏதுக்கா 125 பைசா?" என்று வேறு கேட்டது. அன்றைக்குத்தான் பைசா உதாரணம் இரண்டு இலக்கத்தோடு நின்றுவிடும் என்று அவளுக்கு உறைத்திருக்கிறது. அதற்கடுத்த வாரம் தையற்கடையிலிருந்து ஒரு மீட்டர் டேப் கடன் வாங்கி வந்து, 125 மில்லிமீட்டர் எது, 400 மில்லிமீட்டர் எது என்று பிள்ளைகளையே தொட்டுக் காட்டச் சொன்னாள்.

மூன்று வாரம், ஒரே ஒரு கருத்து. எந்தப் பி.எட். கல்லூரியும் அவளுக்கு இதைக் கற்றுத் தந்திருக்க முடியாது. ஏனென்றால் பி.எட்.டில் பாடத்திட்டம் எழுதி, ஒரு வகுப்பு எடுத்து, அடுத்த நாள் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். அதே பிள்ளையை மூன்று வாரம் தொடர்ந்து பார்க்கிற வாய்ப்பு பட்ட வகுப்பு மாணவருக்குத்தான் உண்டு. அந்த நோட்டை நான் பார்த்திருக்கிறேன். பிரித்தால் டெட் தேர்வின் 'குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும்' பகுதி முழுக்க அதில் இருக்கிறது, பியாஜேயின் பெயர் மட்டும் இல்லை.

2021 அக்டோபரில் அரசு 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது, ப்ளஸ் டூ முடித்தவர்கள் தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம் என்று தன்னார்வலர்களைக் கூப்பிட்டார்கள். கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்ததால் வந்த இடைவெளியை அடைக்கச் செய்த ஏற்பாடு. மாதம் ஆயிரம் ரூபாய். நம் மாணவிகள் சிலர் அதில் சேர்ந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் பிறகு என்னிடம் வந்து, "ஐயா, எங்களுக்கு இந்த வேலை சரிப்பட்டு வராது" என்றார்கள். நான் அவர்களைப் பாராட்டினேன். இருபது வயசில், பஸ் காசு செலவிலே அது தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய லாபம்! இரண்டு வருஷமும் லட்ச ரூபாயும் போன பிறகு தெரிந்துகொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசம், தெரிந்துகொண்ட பிறகும் வேறு வழியில்லாமல் முப்பது வருஷம் அதே வகுப்பில் நிற்பவர்கள்.

இப்போது பி.எட். பற்றி. நான் 1982-83இல் படித்தபோது அது ஒரே வருஷம். மைக்ரோ டீச்சிங் என்று சக மாணவர்களையே பிள்ளைகளாக உட்கார வைத்து ஐந்து நிமிஷம் பாடம், பிறகு பள்ளியில் பயிற்சி, பிறகு ரெக்கார்டு, சார்ட், கடைசியில் கமிஷன். கமிஷன் என்றால் இங்கே சிரிப்பவர்கள் எல்லாம் பி.எட். படித்தவர்கள் என்று தெரிகிறது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன், செய்முறைத் தேர்வுக்கு வெளியிலிருந்து வருகிற குழுவுக்குத்தான் அந்தப் பெயர். நீதியரசர் வர்மா ஆணையம் 2012இல் அறிக்கை கொடுத்த பிறகு, 2014 விதிமுறைப்படி 2015-16இலிருந்து பி.எட். இரண்டு வருஷமாயிற்று. பள்ளியோடு இணைந்திருக்க வேண்டிய காலம் மொத்தம் 20 வாரம், அதில் 16 வாரம் தொடர்ச்சியான பள்ளி அனுபவம். காகிதத்தில் மிக நல்ல ஏற்பாடு.

நடப்பில்? 2020இன் தேசியக் கல்விக் கொள்கை ஆவணத்தில் எத்தனையோ விஷயங்களில் நமக்கு மாறுபாடு இருக்கலாம், எனக்கும் உண்டு. ஆனால் அதில் ஓர் இடத்தில், வர்மா ஆணையத்தைச் சுட்டிக்காட்டி, நாட்டில் தனித்து இயங்கும் பயிற்சி நிறுவனங்களில் பெரும்பாலானவை விலைக்குப் பட்டம் விற்கின்றன என்று எழுதியிருக்கிறார்கள். அது பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம், என் உறவுக்காரப் பெண்ணிடம் 'ரெகுலராக வர வேண்டியதில்லை, அதற்குத் தனிக் கட்டணம்' என்று கூச்சமில்லாமல் சொன்னது. ரெக்கார்டு கடையில் ரெடிமேடாகக் கிடைக்கிறது. சார்ட் வரைந்து கொடுக்க ஆள் இருக்கிறார்கள். பதினாறு வாரப் பயிற்சிக்குப் பள்ளியில் ஒரு கையெழுத்து. தலைமையாசிரியராக இருந்தபோது என்னிடமும் அந்தக் கையெழுத்தைக் கேட்டு வந்திருக்கிறார்கள். வெறுங்கையோடு திருப்பி அனுப்பினேன், அதனால் ஊரில் எனக்கு ஒரு பெயரும் வந்தது. எம்.பி.பி.எஸ். முடித்த பையன் ஹவுஸ் சர்ஜன் செய்யாமல் ஊசி போட வந்தால் கையை நீட்டுவோமா? நம் பிள்ளைகளின் தலையை மட்டும் நீட்டுகிறோம்.

ஆகவே தம்பி தங்கைகளே, பி.எட். கல்லூரி தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். அங்கே போன வருஷம் படித்தவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள். "நீங்க வகுப்பு எடுத்தப்போ உங்க பேராசிரியர் பின் பெஞ்சுல வந்து உட்கார்ந்தாரா, எத்தனை தடவை?" ஒரு தடவை கூட இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

நாலு வருஷ ஒருங்கிணைந்த படிப்பு என்கிறார்களே, அது புதிதா என்று கேட்கிறார்கள். புதிதே இல்லை. மைசூர் மண்டலக் கல்வியியல் கல்லூரி 1963இல் தொடங்கியது. பட்டமும் பயிற்சியும் சேர்ந்த நாலு வருஷப் படிப்பு அங்கே வெகு காலமாக நடக்கிறது. வளாகத்துக்குள்ளேயே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. தென்மாநிலப் பிள்ளைகள் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். பதினேழு வயசிலேயே 'நான் ஆசிரியராகத்தான் ஆவேன்' என்று முடிவெடுத்தவருக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் அந்த முடிவை மூன்றாம் ஆண்டில்தான் எடுக்கிறார்கள். சில பேர் தேர்வு முடிவு வந்த பிறகு எடுக்கிறார்கள். அவர்களை விட்டுவிட முடியாது.

காகித விஷயம் கொஞ்சம் இருக்கிறது. அலுப்பாக இருந்தாலும் கேளுங்கள், இதில் தடுக்கியவர்கள் ஏராளம். உங்கள் பட்டத்தின் பெயர் வழக்கமான பெயராக இல்லாமல் பின்னால் ஏதாவது ஒட்டு இருந்தால், அதற்கு இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று மூன்றாம் ஆண்டு முடியும் முன்பே பாருங்கள். வணிகவியல், பொருளியல் படித்தவர்கள் பி.எட். சேர முதுகலை வேண்டும். அந்த முதுகலையும் அதே பாடத்தில் இருக்கட்டும், மாற்றிப் படித்துவிட்டு அப்புறம் கோர்ட்டுக்கு நடக்காதீர்கள். தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பணியில் 20 சதவீத முன்னுரிமை உண்டு. பிற்பாடு செய்த திருத்தத்தின்படி பள்ளியிலிருந்தே தமிழ்வழி என்று காட்ட வேண்டும், ஆகவே படித்த ஒவ்வொரு பள்ளியிலும் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பி.எட். இருந்தால் ஒன்றாம் வகுப்புக்கும் போகலாம் என்று சிலர் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2023 ஆகஸ்ட் 11இல் உச்ச நீதிமன்றம் அது ஆகாது என்று சொல்லிவிட்டது. சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது தனிக் கலை, அதற்குத் தனிப் பட்டயம். எனக்கு அந்தத் தீர்ப்பு சரியென்றே படுகிறது.

இன்னொரு தீர்ப்பு உண்டு. அதைப் பேசாமல் போனால் இங்கே உட்கார்ந்திருக்கும் என் மாணவர்கள் சிலர் என்னை மன்னிக்க மாட்டார்கள். 2025 செப்டம்பர் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம், எட்டாம் வகுப்பு வரை கற்பிக்கிற, ஏற்கெனவே பணியில் இருக்கிற ஆசிரியர்களும் இரண்டு ஆண்டுகளுக்குள் டெட் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்குள் இருப்பவர்கள் எழுதாமலே பணியில் தொடரலாம், பதவி உயர்வு வேண்டுமானால் அவர்களும் தேற வேண்டும். சிறுபான்மை நிறுவனங்கள் பற்றிய கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பினார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, பத்து வருஷம் பதினைந்து வருஷம் கார்டைப் புதுப்பித்துப் புதுப்பித்துக் காத்திருந்து, மூப்பு அடிப்படையில் முறையாக வேலைக்கு வந்தவர்கள் இவர்கள். அன்றைக்கு அரசு என்ன தகுதி கேட்டதோ அதைக் கொடுத்துவிட்டுத்தான் வந்தார்கள். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, நாற்பத்தெட்டு வயசில் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆறாம் வகுப்பு சமூக அறிவியலை எடுத்து வைத்துப் படிக்கிற என் மாணவர் ஒருவர் போனில் சொன்னார், "சார், என்கிட்ட படிச்ச பையனும் நானும் ஒரே ஹால்ல எழுதுவோம் போல." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வகுப்பறையில் இருபது வருஷம் நின்றவரை ஒரு முற்பகல் கேள்வித்தாள் அளந்துவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் உங்களுக்கு, இனி வரப் போகிறவர்களுக்கு, அந்தத் தாளைச் சந்திக்காமல் வழி இல்லை.

அதற்கு லட்சக்கணக்கில் கோச்சிங் செலவு வேண்டியதில்லை. இன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய், உங்கள் தம்பியோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ வைத்திருக்கும் ஆறாம் வகுப்புப் புத்தகத்தை வாங்கிப் பாருங்கள். உங்கள் துறைக்கு உரிய பாடம் ஒன்றை எடுங்கள். பின்னால் இருக்கிற பயிற்சிக் கேள்விகளுக்கு விடை எழுதாதீர்கள். அந்தப் பாடத்தில் ஒரு பிள்ளை 'ஏன்?' என்று கேட்கக்கூடிய இடங்களில் பென்சிலால் கோடு போடுங்கள். வகுத்தலில் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு என்று இருக்கும். ஏன் தலைகீழாக்க வேண்டும்? மூன்று லிட்டர் பாலைக் கால் லிட்டர் பாட்டிலில் ஊற்றினால் பன்னிரண்டு பாட்டில். மூன்றை நாலால் பெருக்கியிருக்கிறோம், தெரிகிறதா? இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு பால் பாட்டில் கண்டுபிடிக்க வேண்டும். ஆறிலிருந்து பத்து வரை, உங்கள் ஒரு பாடம், மூன்று வருஷத்தில் தாராளமாக முடியும். தமிழ்ச் சொல்லையும் ஆங்கிலச் சொல்லையும் சேர்த்தே பழகுங்கள். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கிலவழிப் பிரிவுகள் வந்துவிட்டன. ஒரு பீரியட் 'உந்தம்', அடுத்த பீரியட் 'மொமென்டம்' என்று ஒரே ஆசிரியர் மாறி மாறிப் பேச வேண்டியிருக்கிறது.

வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கும் நேர்மையாகப் பதில் சொல்லிவிடுகிறேன். உடனே கிடைக்காது. 2018இலிருந்து டெட் தேறியது போதாது, அதற்கு மேல் போட்டித் தேர்வும் உண்டு என்று ஆகிவிட்டது. நடுவில் சில வருஷம் தனியார் பள்ளியில் கொத்தனார் கூலிக்கும் குறைவான சம்பளத்தில் நிற்க வேண்டியிருக்கும். நானும் நின்றேன். வாங்கியது ஒரு தொகை, கையெழுத்துப் போட்டது வேறு தொகைக்கு. வீட்டுச் சூழ்நிலை அதற்கு இடம் கொடுக்காதவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்து வாருங்கள். டெட் சான்றிதழ் ஏழு வருஷத்தில் காலாவதி ஆகும் என்ற பயம் மட்டும் 2021இல் நீங்கிவிட்டது. இப்போது அது ஆயுளுக்கும் செல்லும்.

கடைசியாகச் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். இந்த வருஷம் சேர்ந்த நன்கொடையில் கல்லூரி வாசலில் அலங்கார வளைவு கட்டலாம் என்று செயற்குழுவில் பேச்சு இருக்கிறது. வளைவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, ஒரு வருஷம் தள்ளிப் போடுங்கள் என்கிறேன். இந்த ஊரைச் சுற்றி எட்டு கிலோமீட்டருக்குள் நம் உறுப்பினர்கள் தலைமையாசிரியர்களாக இருக்கும் நடுநிலைப் பள்ளிகள் நாலு இருக்கின்றன. நாலு பேருமே இங்கே வந்திருக்கிறார்கள், காலையில் பேசிவிட்டேன், சம்மதம் என்கிறார்கள். இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு மாணவர்களில் விருப்பம் உள்ளவர்கள் சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், ஆளுக்கு ஐந்தாறு பிள்ளைகள், அதே பிள்ளைகள், வருஷம் முழுக்க. ஓய்வு பெற்ற நாங்கள் ஏழெட்டுப் பேர் முறை வைத்துப் பின் பெஞ்சில் வந்து உட்காருகிறோம். சங்கம் தர வேண்டியது பஸ் காசும், ஆளுக்கு ஒரு நீள நோட்டும். நாற்பது பேருக்கு ஒரு வருஷக் கணக்கு எழுதிப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். வளைவுக்கு ஆகும் செலவில் பத்தில் ஒரு பங்கு கூட வரவில்லை. பிற்பகல் பொதுக்குழுவில் இது ஐந்தாவது பொருளாக வருகிறது. தயவுசெய்து சாப்பிட்டதும் கிளம்பிவிடாமல் இருந்து கை தூக்குங்கள்.

பெயர் கொடுக்க விரும்பும் மாணவர்கள் இயற்பியல் ஆய்வகத்து வராந்தாவில் மேசை போட்டிருக்கிறது, அங்கே எழுதலாம். பெயர், துறை, ஊர், எந்த பஸ்ஸில் வருகிறீர்கள் என்பது மட்டும் போதும். நேற்று என்னிடம் கேட்ட வேதியியல் தம்பி முதல் பெயராக எழுதிவிட்டார், இரண்டாவது வரி காலியாக இருக்கிறது.